பின்புலமாகச் சுருங்கும் மலை: கொல்லிமலை நாவலும் வகுப்பறைத் திறனாய்வுக் கட்டுரையும்

ஆய்வுச்சுருக்கம்

நாவலைப் பற்றித் திறனாய்வுக் கட்டுரை எழுதுதல் கல்லூரி ஆங்கில வகுப்பிலும் தமிழ் வகுப்பிலும் நிலைபெற்ற பயிற்சியாகும். கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, பின்புலம், உத்தி, ஆசிரியர் உணர்த்தும் கருத்து என்னும் வரிசையில் அமையும் இக்கட்டுரை வடிவம், குறிப்பிட்ட நிலப்பகுதியின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல்களை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது. கொல்லிமலைப் பழங்குடி மக்களைப் பற்றிய கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ (1985) முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ‘குறிஞ்சித்தேன்’, ‘சோளகர் தொட்டி’, ‘மாதொருபாகன்’ ஆகியவை ஒப்பீட்டுக்குத் துணையாகின்றன. மலையைப் பின்புலம் என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கும் கட்டுரை, மலையிலிருந்து வந்த மாணவரையும் தம் வாழ்விலிருந்து ஒதுக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நாவல் திறனாய்வு, ஆங்கில வகுப்பு, துணைப்பாடம், கொல்லிமலை, மலையாளி, சங்கம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்த மேட்டுநிலம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலேற வேண்டும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாக அம்மலையின் ஊர்கள் அமைந்துள்ளன. அங்கிருந்து பட்டப்படிப்பிற்காகக் கீழிறங்கும் மாணவர்கள் சேந்தமங்கலம், நாமக்கல், இராசிபுரம் முதலிய ஊர்களின் கல்லூரிகளில் சேர்கின்றனர். எப்பாடப்பிரிவில் சேர்ந்தாலும் பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே நாவலைப் பற்றிய கட்டுரையை அவர்கள் இரு மொழிகளிலும் எழுத நேரலாம்.

அவ்விரு கட்டுரைகளும் வெவ்வேறு மரபிலிருந்து வந்தவை. ஆயினும் நாவலிலிருந்து எதைக் கேட்பது என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. கதை என்ன, மாந்தர் எத்தகையோர், எங்கு நிகழ்கிறது, என்ன உணர்த்துகிறது என்பவையே இரண்டின் வினாக்களும். இவ்வினாக்களில் பிழை இல்லை. ஆனால் நிலமே நிகழ்ச்சிகளை உந்துகிற நாவலில் ‘எங்கு’ என்னும் வினாவைத் தனியே பிரித்து இரண்டு பத்திகளில் முடித்துவிட்டால், எஞ்சிய வினாக்களுக்கான விடைகளும் பொதுமைப்பட்டுவிடுகின்றன. இச்சிக்கல் எவ்வாறு தோன்றியது, அதைக் கட்டுரையின் உள்ளிருந்தே எவ்வாறு தீர்க்கலாம் என்பவற்றை இனிக் காணலாம்.

‘நான்-டீடெயில்’ ஆகிய நாவல்

ஆங்கில இலக்கியம் ஒரு பாடத்துறையாக உருப்பெற்ற களங்களில் காலனிய இந்தியா முதன்மையானது. இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் அப்பாடம் நிலைபெறுவதற்கு முன்பே இந்தியக் கல்விக்கூடங்களில் அது ஆட்சியின் தேவைக்கேற்பப் பயிற்றப்பட்டதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் இப்பாடம் தேர்வு முறையோடு இறுகப் பிணைந்தது. படித்ததைத் தேர்வுத்தாளில் குறித்த நேரத்திற்குள் எழுதிக் காட்டுவதே இலக்கியம் பயின்றமைக்குச் சான்றாயிற்று.

இவ்வமைப்பில் நாவலுக்குக் கிடைத்த இடம் கவனிக்கத்தக்கது. செய்யுளும் உரைநடையும் வரிவரியாகப் பொருள் விளக்கிக் கற்பிக்கப்படும் பாடங்களாயின. நாவலோ பெரும்பாலும் சுருக்கப்பட்ட பதிப்பாக, ‘நான்-டீடெயில்’ என்னும் பெயரில் வகுப்பறைக்குள் வந்தது. தமிழில் அது துணைப்பாடம் எனப்பட்டது. நுணுகிப் பயில வேண்டாத பாடம் என்பதே அப்பெயரின் பொருள். ஒரு தொடர் ஏன் அவ்வாறு அமைந்தது, ஓர் அத்தியாயம் ஏன் அவ்விடத்தில் முடிந்தது என்பன அதில் கேட்கப்படுவதில்லை. கதையைச் சுருக்கி வரைக, இன்னாரின் பண்புநலனை விளக்குக என்பனவே வினாக்கள். நாவலின் சொற்களைத் தொடாமலேயே நாவலைப் பற்றி எழுதும் பழக்கத்திற்கு இவ்வகைப்பாடு வழிவகுத்தது. சந்தைக்கு வந்த ‘நோட்ஸ்’ நூல்கள் அப்பழக்கத்தை எளிதாக்கின. சுருக்கப்பட்ட நாவலின் சுருக்கத்தை மனப்பாடம் செய்து மீண்டும் சுருக்கி எழுதுவது தேர்வாயிற்று.

இந்நிலையைப் புனைகதையே விமரிசித்ததும் உண்டு. ஆர். கே. நாராயணின் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ (1945) நாவலின் கிருஷ்ணன் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளன். பிறர் சொன்ன திறனாய்வை மாணவர் திருப்பிச் சொல்லும் கல்வியில் நம்பிக்கை இழந்து பணியைத் துறக்கிறான். சிறுவர் பள்ளியொன்றை நாடிச் செல்கிறான். அந்நாவலே பிற்காலத்தில் பண்புநலன் வினாவுக்குரிய பாடநூலாகும் சூழல் உருவானது, வகுப்பறை மரபின் வலிமைக்குச் சான்று.

ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப்பாடமாகப் பயில்வோரிடம் இந்நிலை ஓரளவு மாறுபடும். கட்டுரைக்கு ஒரு மையக் கருத்துரை வேண்டும், ஒவ்வொரு பத்தியும் மூலத்திலிருந்து சான்று காட்ட வேண்டும், சான்றை விளக்கிக் கருத்துரையோடு இணைக்க வேண்டும் என அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இம்முறை சிறந்தது. எனினும் மையக் கருத்துரையே பொதுமையான வாசகமாக இருப்பின் சான்றுகளும் அதற்கேற்பப் பொறுக்கப்படும். ஒரு கருத்துரைக்கு மறுப்பு எழ வாய்ப்புள்ளதா என்பதே அதன் தகுதியை அறியும் முதல் சோதனை.

தமிழ்த்துறை வழக்கு: பகுப்பும் பட்டியலும்

தமிழில் நாவல் திறனாய்வு வேறு வழியில் வளர்ந்தது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது முதல் நாவல் என்னும் புதுவடிவை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா தமிழில் இருந்துவந்தது. க.நா.சு. தேர்ந்த வாசகரின் சுவையை அளவுகோலாக முன்வைத்தார். க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலில் நாவலைச் சமூக வளர்ச்சியோடு பொருத்திக் கண்டார். இருவருக்கும் இடையிலான கருத்துவேறுபாடு கூர்மையானது. அவ்வேறுபாட்டிலிருந்து தமிழ்த் திறனாய்வு பெற்ற ஊக்கமும் பெரிது.

வகுப்பறையும் ஆய்வேடும் இவ்விவாதத்தின் விளைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு விவாதத்தைக் கைவிட்டன. நாவலில் சமுதாயச் சிக்கல்கள், நாவலில் பெண்கள் நிலை, நாவலில் பழக்கவழக்கங்கள், நாவலில் நம்பிக்கைகள் என்னும் பகுப்புகள் உருவாயின. ஒவ்வொரு பகுப்பின்கீழும் நாவலிலிருந்து எடுத்த பகுதிகள் நிரல்படுத்தப்படும். உழைப்பும் கவனமும் இதில் உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆனால் இங்கு நாவல் தகவற்களஞ்சியமாகிறது. திருமணச் சடங்கு எந்தப் பக்கத்தில் வருகிறது எனக் கட்டுரை காட்டும். அச்சடங்கு நாவலில் ஏன் அந்த இடத்தில் வருகிறது, யார் கண் வழியாகக் காட்டப்படுகிறது என்பவற்றைக் காட்டாது.

ஆங்கில வகுப்பின் கட்டுரை சுருக்கத்தில் நிற்கிறது. தமிழ் வகுப்பின் கட்டுரை பட்டியலில் நிற்கிறது. பழங்குடி வாழ்வைச் சொல்லும் நாவலிடம் இவ்விரண்டும் சென்றடையும்போது, விளைவு ஏறக்குறைய ஒன்றாகிறது.

ஏற்கெனவே எழுதப்பட்ட மலை

கொல்லிமலையைப் பற்றி எழுதும் எவரும் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. தமிழில் மிக நீண்ட எழுத்துவரலாறு உடைய மலைகளில் அது ஒன்று. சங்கப் பாடல்களில் கொல்லிமலை வல்வில் ஓரிக்கு உரியது. அம்மலையில் தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகக் கூறப்படும் பாவை நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளில் பேசப்படுகிறது. தலைவியின் அழகுக்கு அப்பாவையே உவமை. ஓரியைக் கொன்ற காரி கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியும் அகநானூற்றில் உண்டு. இப்பாடல்களில் மலை ஒளிமிக்கது. ஆனால் அது வேறொன்றை விளக்க வருகிறது. தலைவியின் அழகை, வள்ளலின் கொடையை, வேந்தரின் வெற்றியைச் சொல்ல மலை உதவுகிறது.

காலனிய ஆவணங்களில் மலை அட்டவணையாகிறது. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள் (1909), ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட விவரச்சுவடி (1918) ஆகியவை நிலவரி, குலப்பிரிவு, திருமணமுறை, உடை, வழிபாடு என்னும் தலைப்புகளில் மலைவாழ்வை வகுத்தெழுதும் முறையைச் சார்ந்தவை. இத்தலைப்புகளைத் தமிழ் ஆய்வேடுகளின் பகுப்புகளோடு ஒப்பிட்டால் ஒற்றுமை எளிதில் புலப்படும். நாவலில் பழக்கவழக்கங்களைத் தேடும் கட்டுரை, தான் அறியாமலேயே விவரச்சுவடியின் கண்ணோட்டத்தை நாவலுக்குள் கொண்டுசெல்கிறது.

சங்கப்பாடலில் உவமையாகவும், ஆவணத்தில் அட்டவணையாகவும் இருந்த மலை, வகுப்பறைக் கட்டுரையில் பின்புலமாகிறது. வடிவம் மாறினும், மலை வேறொன்றின் பொருட்டே சொல்லப்படுகிறது என்னும் நிலை மாறவில்லை.

இரண்டு சொற்கள் இதைத் தெளிவாக்கும். கொல்லிமலை மக்கள் மலையாளி என்னும் பழங்குடிப் பெயரால் குறிக்கப்படுகின்றனர். மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்னும் பொருளுடைய இப்பெயர் கேரளத்து மலையாள மொழியினரைச் சுட்டுவதன்று. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களது வாய்மொழி மரபு. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் மாணவர் இப்பெயரை விளக்கமின்றி எழுதினால், வெளி வாசகர் வேறொரு மாநிலத்தாரை எண்ணுவார். விளக்கத் தொடங்கினாலோ, பழங்குடி என்பது தொன்றுதொட்டு அங்கேயே இருந்தவர் என்னும் பொதுக்கருத்து அசையத் தொடங்கும். கீழிருந்து வந்தோம் எனத் தம்மைப் பற்றிக் கதை சொல்லும் மக்கள், கீழிருந்து வந்தவர்களால் சுரண்டப்படுவதை நாவல் சொல்கிறது எனில், கீழ், மேல் என்னும் எதிர்நிலையே ஆய்வுக்குரியதாகிறது.

நாடு என்னும் சொல்லும் அவ்வாறே. அரியூர் நாடு என்பதை ஆங்கிலத்தில் தேசம் என்னும் பொருள்படும் சொல்லால் பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். கிராமம் எனப் பெயர்த்தால் ஊர்கள் பல சேர்ந்த உறவுமுறையும் நிருவாகமும் மறையும். இத்தகைய சொல்லின் அருகே நின்று எழுதப்படும் ஒரு பத்தி, பின்புலம் என்னும் தலைப்பில் எழுதப்படும் மூன்று பக்கங்களைவிட நாவலுக்கு நெருக்கமானது.

‘சங்கம்’: தலைப்பிலிருந்து தொடங்கும் வாசிப்பு

கு. சின்னப்ப பாரதி (1935–2022) நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்தவர். இடதுசாரி விவசாய இயக்கத்தோடு இணைந்து செயல்பட்டவர். ‘தாகம்’ (1975) உழவர் வாழ்வைச் சொல்வது. ‘சர்க்கரை’ ஆலைத் தொழிலாளரையும் ‘சுரங்கம்’ நிலக்கரித் தொழிலாளரையும் களமாகக் கொண்டவை. இவ்வரிசையில் ‘சங்கம்’, கொல்லிமலைப் பழங்குடி மக்கள் சுரண்டலுக்கு எதிராக அமைப்பாகத் திரள்வதைப் பொருளாகக் கொண்டது. ஒவ்வொரு நாவலும் ஓர் உழைப்புக் களத்தைத் தேர்ந்துகொள்கிறது என்பது ஆசிரியரின் திட்டத்தைக் காட்டுகிறது.

வழக்கமான கட்டுரை இந்நாவலைப் பற்றி முதலில் எழுதக்கூடிய தொடர், இந்நாவல் கொல்லிமலைப் பழங்குடி மக்களின் அவல வாழ்வைச் சித்திரிக்கிறது என்பதாகும். அத்தொடர் பொய்யன்று. ஆனால் நாவலைத் திறக்காமல் பின்னட்டையைக் கண்டவரும் அதை எழுதலாம். மறுப்புக்கு இடமில்லாமையால் அதை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. பின்வரும் பத்திகள் நிறுவுவதற்கு மாறாக நிரப்புவதில் முடியும்.

தலைப்புச் சொல்லிலிருந்து தொடங்கும் கட்டுரை வேறு திசையில் செல்லும். சங்கம் என்பது தமிழில் இரு வரலாறுகளைச் சுமக்கும் சொல். ஒன்று புலவர் அவையையும் அதன் பெயரால் அறியப்படும் தொன்மை இலக்கியத்தையும் சுட்டுவது. மற்றொன்று உழைப்போர் உரிமைக்காகக் கூடும் அமைப்பைச் சுட்டுவது. கொல்லிமலை இவ்விரு பொருளோடும் தொடர்புடையது. முதற்பொருளில் மலை உவமையாக இடம்பெற்றது. இரண்டாம் பொருளில் மலைமக்கள் உறுப்பினராக இடம்பெற வேண்டும். உவமையாயிருந்த இடத்தின் மக்கள் அமைப்பின் உறுப்பினராகும் மாற்றமே நாவல் என ஒரு கருத்துரையை முன்வைக்கலாம். ஆசிரியர் இவ்விரு பொருளையும் கருதினாரா என்பது இங்கு இன்றியமையாததன்று. சொல் அவ்விரண்டையும் தாங்குகிறது. நாவல் அதற்கு இடம் தருகிறதா என்பதை மூலத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

மேலும் ஒரு வினா உண்டு. அமைப்பு என்னும் பொருளிலான சங்கம் கீழ்நாட்டிலிருந்து மலைக்கு ஏறிய சொல். வட்டிக் கணக்கும் வணிகரின் எடையும் வனத்துறையின் விதியும் அவ்வாறே கீழிருந்து ஏறியவை. அவற்றை எதிர்க்கும் சொல்லும் கீழிருந்தே வருகிறது. அப்படியாயின் அச்சொல் எந்த இடத்தில் மலைமக்களின் சொந்தச் சொல்லாகிறது? யார் அதை முதலில் உச்சரிக்கிறார்? நாடு, ஊர்க்கூட்டம், உறவுமுறை என ஏற்கெனவே அவர்களிடம் இருந்த கூடுகைகளோடு அது இணைகிறதா, அவற்றை விலக்குகிறதா? இவ்வினாக்களுக்கு நாவலைப் பக்கம் பக்கமாக வாசித்தே விடை காண இயலும். இரு மாணவர் இருவேறு விடைகளுக்கு வரவும் கூடும். கட்டுரையின் பயன் அங்குதான் தொடங்குகிறது.

பாத்திரப்படைப்பு பற்றிய பகுதியும் இதனால் மாறும். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட நாவல் கூறுகள் பற்றிய நூலில் மாந்தரைத் தட்டையானோர், முழுமையானோர் என இருவகைப்படுத்தினார். கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான இப்பாகுபாடு தமிழக வகுப்பறைகளில் இலக்கணவிதி போல நிலைத்துவிட்டது. இயக்க நாவல்களின் மாந்தர் பலரும் இவ்வளவுகோலில் தட்டையானோர் என முடிவாகி, அது குறையாகவும் எழுதப்படும். ஒரு தனிமனிதரின் அகவளர்ச்சியைச் சொல்லும் நாவலை மனத்தில் கொண்ட அளவுகோல் அது. கூட்டத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நாவலில் பாத்திரம் என்னும் அலகு எது என முதலில் கேட்க வேண்டும். ஊரே வளர்ந்து மாறும் மாந்தராக இருக்கலாம். அவ்வாறு கேட்டபின்னும் சில மாந்தர் கருத்தைச் சுமக்கும் கருவிகளாக மட்டுமே நிற்கின்றனர் எனக் கட்டுரை முடிவு செய்யலாம். அம்முடிவு அப்போது நாவலின் சொந்த நோக்கத்தைக் கொண்டு அளக்கப்பட்டதாக இருக்கும்.

நிலத்தின் பொருளியலும் பின்புலப் பத்திக்குள் அடங்காது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் மரவள்ளி பரவியது ஆய்வாளர்கள் பதிவு செய்த மாற்றம். சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் அக்கிழங்கின் சந்தை. உணவுப்பயிரிலிருந்து விற்பனைப் பயிருக்கு மாறும்போது உழவர் எடைக்கும் விலைக்கும் முன்பணத்திற்கும் கீழுள்ளோரை நம்ப வேண்டியவராகிறார். பயிர் மாறினால் கடன் மாறும். கடன் மாறினால் உறவு மாறும். இத்தகைய நிலத்தில் ஒரு நாவல் பயிரைக் குறிப்பிடுமாயின், அது காட்சி வருணனையாகவும் கதைப்பின்னலாகவும் ஒருசேர இயங்கக்கூடும் என்பதை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரு மலை நாவல்கள்: அமைப்பே வாதமாதல்

மலைவாழ்வைச் சொன்ன பிற நாவல்களோடு ஒப்பிடுவது மேற்கண்ட வினாக்களைக் கூர்மைப்படுத்தும். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963) நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்வது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அதில் காலத்தின் அளவாகிறது. வகுப்பறைக் கட்டுரை குறிஞ்சியை இயற்கை வருணனை என்னும் தலைப்பில் சேர்க்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நிகழும் பணப்பயிர் வாழ்வும் பூவின் சுற்றில் நிகழும் சமூக நினைவும் ஒரே நாவலில் மோதுவதைக் கவனித்தால், குறிஞ்சி நாவலின் கால அமைப்பாகிறது.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) சத்தியமங்கலம் மலைப்பகுதியின் சோளகரைப் பற்றியது. முதற்பகுதி தொட்டியின் இயல்பு வாழ்வையும் நிலப்பறிப்பையும் காட்டுகிறது. இரண்டாம் பகுதி வீரப்பன் தேடுதலின் பெயரால் அம்மக்கள்மீது நிகழ்ந்த வன்முறையைச் சொல்கிறது. கதைச்சுருக்கம் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரல்படுத்துவர். பகுத்தாயும் கட்டுரை, வன்முறை ஏன் இத்துணைத் தாமதமாக வருகிறது எனக் கேட்கும். முதற்பகுதியில் கொத்தல்லியையும் தொட்டியின் பாட்டையும் காட்டையும் அறிந்த வாசகருக்கு, இரண்டாம் பகுதியில் வதைக்கப்படுவோர் எண்ணிக்கையாகத் தோன்றுவதில்லை. செய்தித்தாள் தரவியலாத ஒன்றை நாவல் தன் இருபகுதி அமைப்பாலேயே தருகிறது. அமைப்பைக் கதையிலிருந்து பிரித்து உத்திகள் என்னும் இயலில் வைக்கும்போது இது காணாமற்போகிறது.

இம்மூன்று நாவல்களின் ஆசிரியர்களும் அவற்றில் சொல்லப்படும் மக்களிடையே பிறந்தவர் அல்லர். இதை உண்மைத்தன்மைக்குக் குறையாக உடனே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கதைசொல்லியின் மொழி பொதுத்தமிழாகவும் மாந்தரின் மொழி வட்டாரத் தமிழாகவும் பிரியும் இடங்களைக் கட்டுரை கவனிக்க வேண்டும். எச்சொல்லுக்கு விளக்கம் தரப்படுகிறது, எச்சொல் விளக்கமின்றி விடப்படுகிறது என்பது நாவல் யாரைத் தன் வாசகராகக் கருதியது என்பதைக் காட்டிவிடும்.

ஒரு நாவல், இரு மொழி, இருவகை வாசிப்பு

வாசிப்புப் பயிற்சி தேர்வோடு முடிவதன்று என்பதற்கு நாமக்கல் மாவட்டமே சான்று தருகிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ‘ஒன் பார்ட் வுமன்’ என வெளிவந்தது. மொழிபெயர்ப்பில் இந்திய இலக்கியம் என்னும் பாடம் பரவியுள்ள ஆங்கிலத் துறைகளுக்கு ஏற்ற நூல் அது.

தலைப்பிலிருந்தே ஒரு கட்டுரை எழலாம். மாதொருபாகன் என்பது மாதைத் தன் ஒரு பாகமாகக் கொண்டவன் என விரியும். ஆண்பால் விகுதியில் முடியும். ஆங்கிலத் தலைப்பில் அவ்விகுதி இல்லை. பெண் என்னும் பாகமே முன்நிற்கிறது. குழந்தையில்லாத காளி, பொன்னா இணையரின் துயரைத் தமிழ்த் தலைப்பு ஆணின் முழுமை பற்றிய வினாவாகவும் ஆங்கிலத் தலைப்பு பெண்ணின் இடம் பற்றிய வினாவாகவும் திருப்புகின்றன எனலாம். காளி பெரும்பொழுதைக் கழிக்கும் தொண்டுப்பட்டி, ஊருக்கு வெளியே ஆண் ஒதுங்கும் வெளி. ஆங்கில வாசிப்பில் அது வெறும் கால்நடைப்பட்டியாகச் சுருங்கினால் வீட்டுக்கும் பட்டிக்கும் இடையிலான தொலைவு பொருளிழக்கும். இரு மொழியும் அறிந்த மாணவரே இக்கட்டுரையை எழுத வல்லவர்.

2014 இறுதியில் இந்நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, அதன் சில பக்கங்கள் மட்டும் ஒளிநகல் எடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நிகழ்ந்த பேச்சுவார்த்தைக்குப் பின் ஆசிரியர் எழுத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, அப்பேச்சுவார்த்தை உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சட்ட ஆவணமாயினும் அதன் ஒரு பகுதி திறனாய்வுக் கட்டுரையாகவே அமைந்துள்ளது. நாவலின் கதையை முழுமையாக எடுத்துரைத்து, சர்ச்சைக்குரிய பகுதி அம்முழுமையில் பெறும் இடத்தை அது ஆராய்கிறது.

ஒளிநகலும் தீர்ப்பும் ஒரே நூலின் இருவகை வாசிப்புகள். முதலாவது பகுதியைப் பெயர்த்தெடுத்துத் தகவலாக்கியது. இரண்டாவது பகுதியை முழுமையோடு பொருத்திப் பொருள் கண்டது. நாவலில் வரும் சடங்குகளைப் பக்க எண்ணோடு பட்டியலிடும் பயிற்சி, நோக்கத்தில் முற்றிலும் வேறானதாயினும், செயல்முறையில் முதலாவதற்கு அண்மையில் நிற்கிறது என்பது கல்வியாளர் கருத வேண்டிய செய்தி.

‘அவர்கள்’ என்னும் சொல்

திறனாய்வுக் கட்டுரையின் நடை படர்க்கையைக் கோருகிறது. அதன் பொருட்டு ‘இம்மக்கள்’, ‘அவர்கள்’, ‘பழங்குடியினர்’ என்னும் சொற்கள் இயல்பாக வந்து சேர்கின்றன. கொல்லிமலையிலிருந்து வந்த மாணவர் ‘சங்கம்’ பற்றி எழுதும்போதும் அவர்கள் காட்டில் தேன் எடுப்பர், அவர்கள் வெள்ளை உள்ளம் கொண்டோர் என்றே எழுத நேர்கிறது. தம் பாட்டனாரைப் படர்க்கையில் நிறுத்தி, கீழ்நாட்டாரின் வியப்போடும் இரக்கத்தோடும் வருணிக்கும் நிலை அது. மதிப்பெண் பெறும் கட்டுரை அதுவே என்பதால் அந்நிலை வெளித்தெரிவதில்லை.

இதற்கு மாற்றாகக் கட்டுரையில் தன்வரலாறு எழுதுமாறு கூறுவது தீர்வாகாது. என் ஊரில் இவ்வாறு இல்லை என்பதால் நாவல் பிழையானது எனும் வாதம் திறனாய்வு ஆகாது. அனுபவம் சான்றாவதில்லை, அனுபவம் வினாவாகும். மலையின் சந்தையை அறிந்த மாணவர், நாவலின் சந்தைக்காட்சியில் விற்போரின் பேச்சு ஏன் குறைவாக உள்ளது எனக் கேட்க இயலும். அறியாதவருக்கு அவ்வினா தோன்றாமலே போகலாம். வினா அனுபவத்திலிருந்து பிறந்தாலும் விடையை நாவலின் சொற்களிலிருந்தே காட்ட வேண்டும். அப்போது படர்க்கை நடை தடையாவதில்லை. எழுதுபவர் தோன்றாமலேயே அவர் நிற்கும் இடம் வினாவின் கூர்மையில் புலப்படும்.

ஆசிரியர் பணியும் இங்குத் தெளிவாகிறது. நாவலின் பின்புலத்தை விளக்குக என்னும் வினாவுக்கு மாறாக, நாவலில் விளக்கமின்றி விடப்பட்ட ஒரு வட்டாரச் சொல்லைத் தேர்ந்து, அது வரும் இடங்களைக் கொண்டு நாவலின் போக்கை ஆராய்க எனக் கேட்கலாம். ஆங்கில வகுப்பிலாயின், அச்சொல்லை மொழிபெயர்க்க முயன்று, எது பெயர்ந்தது, எது பெயரவில்லை என எழுதச் சொல்லலாம். ‘நோட்ஸ்’ நூலில் இவ்வினாக்களுக்கு விடை இராது. ஆங்கிலத்தில் தயக்கமுள்ள மலைமாணவர், நாடு என்னும் சொல்லைப் பற்றி எழுதும்போது வகுப்பில் எவரினும் கூடுதலாக அறிந்தவராகிறார்.

முடிவுரை

நாவல் திறனாய்வுக் கட்டுரை ஆங்கில வகுப்பில் சுருக்கமாகவும் தமிழ் வகுப்பில் பட்டியலாகவும் நிலைபெற்றமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. நாவல் ‘நான்-டீடெயில்’ ஆக வகுப்பறைக்குள் நுழைந்ததும், விவரச்சுவடியின் தலைப்புகள் ஆய்வேட்டின் பகுப்புகளாகத் தொடர்ந்ததும் அவற்றுள் முதன்மையானவை. கொல்லிமலை போன்ற நிலத்தைப் பொருளாகக் கொண்ட நாவலில் இவ்வடிவம் மலையைப் பின்புலமாக்கி, கதையைப் பொதுமையாக்கிவிடுகிறது.

தலைப்புச் சொல், நாவலின் பகுதியமைப்பு, விளக்கப்படாத வட்டாரச்சொல், பயிரும் கடனும் கதையை நகர்த்தும் விதம், கதைசொல்லி நிற்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தொடங்கும் கட்டுரை, மறுக்கவும் நிறுவவும் இடமுள்ள கருத்துரையை அடைகிறது. மூலத்தின் சொற்களுக்கு அது கட்டுப்படுகிறது. ‘சங்கம்’ வெளிவந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. அந்நாவல் பேசிய மலையின் இளையோர் இன்று அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் இடத்தில் உள்ளனர். அவர்களிடம் கதைச்சுருக்கம் மட்டும் கேட்கப்படுமாயின், நாவல் அவர்களைப் பற்றி என்ன சொன்னது என்பது மட்டுமே பதிவாகும். நாவலுக்கு அவர்கள் சொல்லும் விடை இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.